டெல்லிக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? வக்து பார்த்துத் திட்டம் போடுங்கள்!

காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு டெல்லி, ஆக்ரா என்று கிளம்பும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய. பாடப் புத்தகத்தில் பார்த்த தாஜ்மஹாலை நேரில் பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். 'கண் மூடுவதற்குள் டெல்லி ஜாமிஆ மஸ்ஜிதில் ஒரு வக்தாவது தொழுதுவிட வேண்டும்' என்று நன்னி பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு ஆசையும் ஒரே பயணத்தில் நிறைவேறும். ஆனால், போட்ட திட்டம் சரியாக இருக்க வேண்டும்.

பெரும்பாலான குடும்பங்களின் திட்டம் இடங்களின் பட்டியலாகவே இருக்கும். காலையில் குதுப் மினார், பிறகு ஹுமாயூன் சமாதி, மதியம் செங்கோட்டை, மாலை இந்தியா கேட் என்று வாடகைக் கார்க்காரர் ஒரே நாளில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவார். லுஹர் நேரத்தில் கார் டிராஃபிக்கில் நிற்கும். அஸருக்கு எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. நன்னிக்கு முட்டி வலிக்கும், சின்னவன் பசியில் அழுவான், மஃக்ரிபுக்குள் அத்தாவும் அம்மாவும் பேச்சை நிறுத்தியிருப்பார்கள்.

இதற்கு எளிய வழி, பட்டியலைத் திருப்பிப் போடுவதுதான். முதலில் ஐந்து வக்தையும் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வக்துக்கும் எங்கே இருப்போம் என்று முடிவு செய்யுங்கள். நடுவில் கிடைக்கும் நேரத்தில் இடங்களை வையுங்கள். தொழுகை இடைவெளி வயதானவர்களுக்கு ஓய்வாகவும், பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரமாகவும் தானே அமைந்துவிடும்.

எந்த லீவில் போவது?

அக்டோபர், பிப்ரவரி, மார்ச் முதல் பாதி ஆகியவை டெல்லிக்கு நல்ல காலம். அந்த வகையில் காலாண்டு லீவு தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அமைந்த வரம். அரையாண்டு லீவில் போனால் கடுங்குளிர். மூடுபனியால் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நவம்பரில் காற்று மாசு மோசமாக இருக்கும் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

தொழுகை நேரமும் நம் ஊர் மாதிரி இருக்காது. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கும், ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃக்ரிப் மூன்றும் ஐந்து மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வரும். மே மாதத்தில் நேர்மாறு: மஃக்ரிப் ஏழு மணிக்கு மேல் போய்விடும். போகும் தேதிக்குரிய டெல்லி நேரத்தைக் கிளம்பும் முன்பே போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் இரண்டு இரவு

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தினமும் புது டெல்லிக்குப் போகிறது. சுமார் 2,180 கிலோமீட்டர், 33 மணி நேரம். தென் மாவட்டத்துக்காரர்களுக்குக் கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸும், மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியும் ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷன் வரை செல்கின்றன. ஆனால், இவை தினமும் ஓடுவதில்லை, கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். பெரியவர்களின் வயதைச் சரியாகக் குறிப்பிட்டால் கீழ் பெர்த் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ரயிலில் கிப்லா பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. சென்னையில் கிப்லா என்பது மேற்கிலிருந்து நன்றாகவே வடக்கே சாய்ந்திருக்கும், ஏறக்குறைய 18 டிகிரி. வடக்கே போகப் போக அந்தச் சாய்வு குறைந்துகொண்டே வரும். டெல்லிக்குப் போனால் கிப்லா ஏறக்குறைய நேர் மேற்கு, சற்றே தெற்கு. ஊரில் பழகிய சாய்வை அங்கேயும் வைத்துக்கொள்ளக் கூடாது. ரயில் பெட்டி இரும்பு என்பதால் போனில் உள்ள காம்பஸ் தடுமாறும். அதைவிட மேப்பில் ரயில் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து மேற்கைக் கண்டுபிடிப்பது சுலபம்.

சாப்பாட்டுக்கு முதல் நாள் புளிச்சோறும், சப்பாத்தியும் வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடலாம். அதன் பிறகு ரயிலில் சைவமாகப் பார்த்துக்கொள்வது மனதுக்கு நிம்மதி.

கஸ்ர், ஜம்வு: கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்

பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம். இதுதான் கஸ்ர். இரண்டு வக்தைச் சேர்த்துத் தொழுவது ஜம்வு. இங்கேதான் மத்ஹப் வித்தியாசம் வரும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபினர் அதிகம். உள் மாவட்டங்களில் ஹனஃபிகள் அதிகம். ஷாஃபி மத்ஹபில் பயணி லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது தவிர அப்படிச் சேர்ப்பதில்லை.

எத்தனை நாள் தங்கினால் கஸ்ர் செல்லும் என்பதும் மாறும். போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் போக, ஓர் ஊரில் நான்கு நாள் தங்க முடிவு செய்துவிட்டால் ஷாஃபி மத்ஹபில் கஸ்ர் கிடையாது. ஹனஃபி மத்ஹபில் அந்தக் கணக்கு 15 நாள். உள்ளூர் இமாமின் பின்னால் ஜமாஅத்தில் நின்றால் பயணியும் நான்கு ரக்அத் முழுமையாகத் தொழ வேண்டும்.

இன்னொன்று, டெல்லிப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவை. அங்கே அஸர் பாங்கு ஷாஃபி நேரத்தைவிடத் தாமதமாகவே ஒலிக்கும். 'இன்னும் பாங்கு சொல்லவில்லையே' என்று காயல்பட்டினத்துக்காரர் குழம்ப வேண்டியதில்லை. இதையெல்லாம் ஊர்ப் பள்ளி ஆலிமிடம் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டுவிட்டால், நடுவழியில் குடும்பத்துக்குள் விவாதம் வராது.

எங்கே தங்குவது?

பழைய டெல்லியில் ஜாமிஆ மஸ்ஜிதைச் சுற்றியும், தெற்கே நிஜாமுதீன் பகுதியிலும் தங்கும் விடுதிகள் உண்டு. நடந்து போகும் தூரத்தில் பள்ளி, கேட்காமலே ஹலால் சாப்பாடு, இரவு வரை ஆள் நடமாட்டம் எல்லாம் வசதி. சந்துகள் குறுகல், சத்தம் அதிகம், கார் வாசல் வரை வராது. சக்கர நாற்காலி தேவைப்படும் பெரியவர் இருந்தால் மெட்ரோ ஸ்டேஷன் அருகே அகலமான தெருவில், லிஃப்ட் உள்ள விடுதியாகப் பாருங்கள்.

தப்லீக் ஜமாஅத்தில் போய்வந்த அத்தாக்களுக்கும் நன்னாக்களுக்கும் நிஜாமுதீன் புதிதல்ல. ஆனால், ஆண்கள் மட்டும் போய்வந்த அனுபவத்தை வைத்துக் குடும்பப் பயணத்தைக் கணக்குப் போடக் கூடாது. டெல்லியில் தெருவுக்குத் தெரு பள்ளி இருந்தாலும், பெண்கள் தொழ இடம் உள்ளவை குறைவு. 'எங்கேயாவது தொழுதுகொள்ளலாம்' என்பது ஆண்களுக்குச் சரி. பெண்களுக்கு அப்படி அமையாது. லுஹருக்கு ரூமுக்குத் திரும்பிவிடும்படி திட்டம் போடுவதே நல்லது. அப்போது தொழுகை, சாப்பாடு, ஒரு மணி நேரத் தூக்கம் மூன்றும் கிடைக்கும். அஸருக்குப் பிறகு மீண்டும் கிளம்பலாம்.

எல்லாப் பழைய பள்ளியிலும் தொழ முடியாது

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இது. டெல்லியில் வரலாற்றுப் பள்ளிகள் இரண்டு வகை. ஜாமிஆ மஸ்ஜித், சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியில் உள்ள ஃபதேபுரி மஸ்ஜித் போன்றவற்றில் இன்றும் ஐந்து வக்தும் ஜமாஅத் நடக்கிறது. குதுப் மினார் வளாகத்தில் உள்ள குவ்வத்துல் இஸ்லாம் பள்ளி, செங்கோட்டைக்குள் இருக்கும் மோத்தி மஸ்ஜித் போன்றவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்கள். அங்கே தொழ அனுமதி இல்லை.

ஒரு கட்டடத்தைத் தொல்லியல் துறை பாதுகாப்பில் எடுத்த சமயத்தில் வழிபாடு நடந்துகொண்டிருந்தால் அது தொடரும். நின்றுபோயிருந்தால் புதிதாகத் தொடங்க விடுவதில்லை. இதுதான் அத்துறை கடைப்பிடிக்கும் நடைமுறை. தாஜ்மஹாலின் மேற்குப் பக்கம் உள்ள பள்ளியில்கூட வெள்ளிக்கிழமை மட்டும்தான் தொழுகை. அதுவும் ஆக்ரா உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்.

இது தெரியாமல் போய், முஸல்லாவை விரித்த பிறகு காவலாளி வந்து எழுப்பினால், பெரியவர்களுக்கு மனம் நொந்துவிடும். பிள்ளைகள் முன்னால் வாக்குவாதமும் வரும். அதனால் உள்ளே நுழையும் முன் அல்லது வெளியே வந்த பின் என்று வக்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். குதுப் மினாருக்குப் பக்கத்திலேயே மெஹ்ரௌலி ஊருக்குள் தொழுகை நடக்கும் பள்ளிகள் உள்ளன. ஹுமாயூன் சமாதிக்கு எதிரே சாலையைக் கடந்தால் நிஜாமுதீன். செங்கோட்டையிலிருந்து ஜாமிஆ மஸ்ஜித் நடக்கும் தூரம்தான்.

'மிஹ்ராப் இருக்கு, கிப்லா இருக்கு, ஏன் அத்தா தொழக்கூடாது?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 'அது இப்போது அரசு பாதுகாக்கும் இடம், அதற்கென்று சட்டம் இருக்கிறது' என்று அமைதியாக விளக்குங்கள். பாட்டன், பூட்டன் காலத்துக் கல்லில் செதுக்கிய எழுத்தை அங்கேயே நின்று வாசித்துக் காட்டலாம். மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கு 800 ஆண்டுப் பழமையான கல்லில் ஓர் ஆயத்தை அடையாளம் காண்பதே பெரிய சந்தோஷம்.

ஜாமிஆ மஸ்ஜிதில்

ஷாஜஹான் கட்டிய இந்தப் பள்ளி 1656-ல் முடிந்தது. மூன்று வாசல், எந்த வாசலில் நுழைந்தாலும் முப்பதுக்கு மேல் படி ஏற வேண்டும். நன்னிக்கு முட்டி வலி என்றால் அவசரமில்லாத நேரமாகப் பார்த்து, நடுவில் உட்கார வைத்து ஏற்றுங்கள். மெட்ரோவில் வயலட் லைனில் 'ஜாமா மஸ்ஜித்' என்றே ஸ்டேஷன் இருக்கிறது.

தொழுகை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை வெளியே அனுப்பிவிட்டுத் தொழ வருபவர்களை மட்டும் விடுவார்கள். உங்கள் குடும்பத்துக்கு அதுதான் வசதி. போட்டோ எடுப்பதையெல்லாம் வேறு நேரத்துக்கு வைத்துக்கொண்டு, ஒரு மஃக்ரிபுக்குப் போங்கள். ஒளு செய்ய முற்றத்தின் நடுவிலேயே ஹவுஸ் இருக்கிறது. முற்றம் முழுக்கக் கல் தளம். வெயில் நேரத்தில் கால் சுடும், குளிர்காலத்தில் ஜில்லென்று இருக்கும். எல்லோருக்கும் காலுறை அவசியம்.

ஜும்ஆவுக்குக் கூட்டம் மிக அதிகம். ஆண்கள் பாங்குக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே போய்விடுவது நல்லது. பயணிக்கு ஜும்ஆ கட்டாயம் இல்லை, பெண்களுக்கும் கடமை இல்லை. அதனால், நன்னியையும் சின்னப் பிள்ளைகளையும் அந்த நெரிசலில் இழுத்துப் போகாமல், கூட்டம் குறைந்த வேறொரு வக்துக்கு அழைத்து வாருங்கள். அவர் ஆசைப்பட்ட இரண்டு ரக்அத்தை நிதானமாகத் தொழ அப்போதுதான் முடியும். பெண்கள் தொழும் இடம் எது என்று உள்ளே இருப்பவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது பிரிந்துவிட்டால் எந்த வாசலில் நிற்பது என்பதையும் பேசி வையுங்கள்.

தர்ஹா: முதலிலேயே பேசிவிடுங்கள்

ஹஸ்ரத் நிஜாமுதீன் அவுலியா 1325-ல் மறைந்தவர். அதே ஆண்டு மறைந்த கவிஞர் அமீர் குஸ்ரூவின் அடக்கமும் அதே வளாகத்தில்தான். ஷாஜஹானின் மகள் ஜஹானாராவும் அங்கேதான் திறந்த வானத்தின் கீழ் அடங்கியிருக்கிறார். வரலாறு தெரிந்து போனால் பிள்ளைகளுக்கும் ஆர்வம் வரும்.

தர்ஹா விஷயத்தில் ஒரே வீட்டுக்குள்ளேயே கருத்து வேறுபடும். நன்னி ஜியாரத் செய்ய விரும்புவார், மருமகன் வேண்டாம் என்பார். ரூமிலேயே பேசி முடித்துவிடுங்கள். விரும்புபவர்கள் உள்ளே போகட்டும்; மற்றவர்கள் எதிரே உள்ள ஹுமாயூன் சமாதித் தோட்டத்தில் பிள்ளைகளோடு இருக்கட்டும். அடக்கத்தலம் உள்ள அறைக்குள் பெண்களை விடுவதில்லை. வெளியே நின்று துஆ செய்யலாம். வியாழன் மாலை கவ்வாலிக்காகக் கூட்டம் நெரியும். போகும் வழியில் பூ, சாதர் வாங்கச் சொல்லியும், செருப்பு வைக்கச் சொல்லியும் கூப்பிடுவார்கள், நன்கொடை நோட்டை நீட்டுவார்கள். எதுவும் கட்டாயம் இல்லை. 'நஹீ பாய், சுக்ரியா' என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும்.

ஆக்ராவுக்கு எந்த நாள்?

தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செங்கோட்டைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. இந்த இரண்டையும் வைத்தே மொத்தப் பயணத்தையும் அடுக்க வேண்டும். சாந்தினி சௌக்கில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். துணிமணி வாங்குபவர்கள் அதையும் கணக்கில் வையுங்கள்.

ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து காலை எட்டு மணிக்குப் பிறகு கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் ஆக்ராவில் விட்டுவிடும். வெள்ளியன்று அதுவும் ஓடாது. தாஜ்மஹாலுக்கு 500 மீட்டருக்கு முன்பே வண்டியை நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து பேட்டரி கார் உண்டு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை, வயதுச் சான்று கையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்கும் பெரிய பைக்கும் அனுமதி இல்லை. லுஹரைத் தாஜ்மஹாலிலிருந்து வெளியே வந்து, கோட்டைக்கு அருகே இருக்கும் ஆக்ரா ஜாமிஆ மஸ்ஜிதில் தொழலாம். அதைக் கட்டியவரும் ஜஹானாராதான், 1648-ல் முடிந்தது.

சாப்பாடு

ஜாமிஆ மஸ்ஜிதின் தெற்கு வாசலுக்கு எதிரே மட்டியா மஹல் தெரு. நிஹாரி, கபாப், ஷீர்மால், ஷாஹி துக்டா என்று மணக்கும். 1913-ல் தொடங்கிய கரீம்ஸ் ஹோட்டலும் அங்கேதான். பழைய டெல்லி, நிஜாமுதீன் தவிர்த்த மற்ற இடங்களில் 'ஜட்கா' இறைச்சி விற்கும் கடைகளும் உண்டு. போர்டில் ஹலால் என்று இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சைவம்.

மூன்றாம் நாள் பிள்ளைகள் 'தயிர்ச் சோறு வேணும்' என்பார்கள். கரோல் பாக், கன்னாட் பிளேஸ் பக்கம் தென்னிந்திய ஹோட்டல்கள் இருக்கின்றன. எண்ணெய், மசாலா அதிகமான சாப்பாட்டை இரவில் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

போனில் சேமித்துக்கொள்ள

ஐந்து நாள் மாதிரித் திட்டம் இது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம்.

• செவ்வாய்: போய்ச் சேருதல், ஓய்வு. முடிந்தால் மஃக்ரிப் ஜாமிஆ மஸ்ஜிதில்.

• புதன்: ஆக்ரா. லுஹர் ஆக்ரா ஜாமிஆ மஸ்ஜிதில்.

• வியாழன்: காலை குதுப் மினார். லுஹர் ரூமில். ஓய்வுக்குப் பின் பக்கத்திலேயே ஒரு சிறிய நடை.

• வெள்ளி: காலை ஓய்வு. ஆண்களுக்கு ஜும்ஆ. அஸருக்குப் பின் ஹுமாயூன் சமாதி, நிஜாமுதீன். குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும் என்பதால் இதைக் காலைக்கு மாற்றுங்கள்.

• சனி: காலை செங்கோட்டை. மாலை சாந்தினி சௌக்கில் கடைகள், அஸர் ஃபதேபுரி மஸ்ஜிதில்.

பையில் வைக்க: மெல்லிய முஸல்லா இரண்டு, ஒளுவுக்கு ஒரு பாட்டில், எல்லோருக்கும் காலுறை, சுலபமாகக் கழற்றும் செருப்பு, செருப்பு வைக்கத் துணிப்பை, முட்டி வலிக்குத் தைலம், மாத்திரைச் சீட்டின் நகல்.

பழக வேண்டிய மூன்று வாக்கியங்கள்: 'ஜமாஅத் கித்னே பஜே ஹை?' (ஜமாஅத் எத்தனை மணிக்கு?), 'ஔரதோங் கே லியே ஜகா ஹை?' (பெண்களுக்கு இடம் இருக்கிறதா?), 'வுஸூ கஹாங் கரேங்?' (ஒளு எங்கே செய்வது?).

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், கூடிப்போனால் இரண்டு. அதற்கு மேல் சேர்க்காதீர்கள். பார்க்காமல் விட்ட இடத்தை அடுத்த பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம். நன்னி அடுத்த முறையும் கூட வர வேண்டுமென்றால், இந்த முறை அவரைக் களைப்பில்லாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் முக்கியம்.